சாவி யார் கையில்?

இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் அவளுடைய அண்ணன்மார் குதிரையேறி வந்து, வாளைச் சுழற்றி, தங்கையைக் காப்பாற்றினார்கள் என்று முடிப்பார்கள். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அவளுக்கு அண்ணனே கிடையாது, ஐயா! இருந்தது ஓர் அப்பாவும் ஒரு தங்கையும்தான். அப்பா ஆற்றில் ஓடம் ஓட்டுகிறவர். தங்கைக்கு வாயை மூடிவைக்கத் தெரியாது, அதனால் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். இவளைப் பெரியவள் என்றார்கள். பதினெட்டு வயதுப் பெரியவள்.

ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை. பாறைமேல் கோட்டை. அதற்கு ஒரே வாசல். உள்ளே இருந்த கோட்டையாருக்கு ஏற்கெனவே மூன்று மனைவிகள் வந்து போயிருந்தார்கள். ஒருத்தி மழையில் நனைந்து செத்தாள், ஒருத்தியைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று, ஒருத்தி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பிறந்த வீடு எந்த ஊரில் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் கோட்டையார் ஓடத்தில் ஏறினார். ஏறினவர் ராஜா மாதிரி நடுவில் நின்றார். அப்பா கோலை ஊன்றவே இல்லை. "உட்காருங்க" என்றார். கோட்டையார் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறு ஆளாக இருந்தால் ஆற்றிலேயே குதித்திருப்பான். "ஓடத்துல கோல் பிடிக்கிறவன் பேச்சுத்தாங்க. யாரா இருந்தாலும்" என்றார் அப்பா. கோட்டையார் உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவளை, அக்கரை வரும்வரை, பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் பெண் கேட்டு ஆள் வந்தது. கோட்டையார் கேட்டார் என்றால், கேட்டார் என்று அர்த்தமா? அப்பா மூலையில் உட்கார்ந்து அழுதார். பெரியவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், குருவியும் கூட வரவேண்டும் என்று. கோட்டையாரும் ஒன்று போட்டார். ஓடக்காரர் கோட்டைப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

இப்படித்தான் அவள் உள்ளே வந்தாள். வந்த அன்றே அந்த வழக்கத்தையும் பார்த்தாள்.

அந்தக் கோட்டையில் காலையும் மாலையும் வாசற்காரர் கதவின் முன் நின்று, தொண்டை கிழிய, "சாவி யார் கையில்?" என்று கத்துவார். உள்ளிருந்து கோட்டையார், "என் கையில்!" என்பார். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு தலைவரை எதிரிகள் பிடித்து, கழுத்தில் கத்தியை வைத்து, அவர் வாயாலேயே கதவைத் திறக்கச் சொல்லவைத்து, கோட்டையைச் சூறையாடினார்களாம். அன்று போட்ட சட்டம் இது. வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் சாவிக்கொத்தை உள்ளே ஒருவரிடம் விட்டுத்தான் போகவேண்டும். கொத்து யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லுக்குத்தான் கதவு திறக்கும். வெளியே நின்று தலைவரே கத்தினாலும் அது காற்றுக்குப் போன பேச்சு.

இதெல்லாம் பழங்கதை, வெறும் சடங்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடக்காரர் மகளுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. கோல் பிடித்தவர் பேச்சு என்பது அவளுக்குச் சடங்கா என்ன? சோறு போட்ட விஷயம்.

குளிர் தொடங்கும் சமயத்தில் கோட்டையார் வெளியூர் கிளம்பினார். வாசலில் எல்லோர் முன்னிலையிலும் கொத்தை அவள் கையில் போட்டார். இரும்புக் கனம், மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. அதில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சாவி.

"இது வாசலுக்கு மேல இருக்கிற சின்ன அறைக்கு. இதை மட்டும் தொடாதே" என்றார், காதோரம் குனிந்து, கொஞ்சுகிற மாதிரி.

"உள்ள என்ன இருக்குங்க?"

"தொட்டா எனக்குத் தெரிஞ்சிடும்." சிரித்தார். "அடுத்த அமாவாசைக்குத்தான் வருவேன்."

ஏழெட்டுக் குதிரைவீரர்கள் பின்தொடர அவர் போனார். அவள் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு நின்றாள்.

ஆசை தாங்காமல் திறந்தாள், பெண்புத்தி என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் உண்டு. ஆசையாவது மண்ணாங்கட்டியாவது! ஓடத்தில் ஏறும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவள் அப்பா கோலைத் தொடமாட்டார். இவள் கையில் ஒரு கோட்டையையே கொடுத்து, அதில் ஓர் அறையை மட்டும் பார்க்காதே என்றால்? வாசலுக்கு நேர்மேலே இருக்கும் அறையை? குருவி வேறு கூடவே வந்து நச்சரித்தாள்.

"அக்கா, நீ திறக்கலேன்னா நான் திறப்பேன். சொல்லிட்டேன்."

"நீ கிட்ட வராதே. தள்ளி நில்லு."

சாவி துவாரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று, எண்ணெய் விட்ட மாதிரி. திருப்பினாள். கதவு திறந்தது.

பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. சின்ன அறை, தூசி, பலகை அடித்து மூடிய ஒரு சன்னல். சுவரில் வரிசையாக நான்கு ஆணிகள். முதல் ஆணியில் தடித்த கம்பளி மேலங்கி, பயணத்துக்குப் போடுவது, ஓரமெல்லாம் காய்ந்த சேறு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கல்யாண உடுப்புகள். அவள் போட்டுக்கொண்டு வந்த அதே மாதிரி, அதே தையல். இரண்டிலும் இடுப்புப் பக்கமாக நீலநிறத்தில் விரல் தடங்கள், அவசர அவசரமாகக் கையைத் துடைத்தது போல.

நான்காவது ஆணி காலியாக இருந்தது.

"அக்கா" என்றாள் குருவி. அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து பெரியவள் கேட்டதே இல்லை. "உன் கையைப் பாரு."

வலது உள்ளங்கை முழுவதும் நீலம். பூட்டுக்குள் சாயத்தை ஊற்றிவைத்திருக்கிறான் பாவி. அவள் அறியாமலே கை இடுப்புக்குப் போயிற்று, துடைக்க. பாதியில் நிறுத்தினாள். அந்த இரண்டு பெண்களும் இப்படித்தான் துடைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

குருவிதான் அவளை இழுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். அடுப்படியில் சமையல்காரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கோட்டையில் அவள் திட்டாத ஆளில்லை.

"அம்மா, கொஞ்சம் சாம்பல் வேணும்" என்றாள் பெரியவள், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

சமையல்காரம்மா கையிலிருந்த கீரைக்கட்டு தரையில் விழுந்தது. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

"சாம்பலா?" என்றாள். "எதுக்கும்மா சாம்பல்? கையைக் காட்டு. காட்டும்மா!"

காட்டினாள்.

"போகாது." அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ. "தேய்க்காதே, தோல்தான் போகும். முன்னாடி வந்த ரெண்டு பொண்ணுங்களும் இந்த அடுப்புச் சாம்பலைத்தான் கேட்டு வந்தாங்க. அப்ப அவரு உள்ள வந்தாச்சு. நான் என்ன செய்வேன்? வாயைத் திறந்திருந்தா அவருகூடப் போற என் மூத்த மகன் கழுத்து போயிருக்கும்."

"அந்த மேலங்கி யாருது?" என்று கேட்டாள் பெரியவள். "முதல் ஆணியில இருக்கிறது."

சமையல்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு சொன்னாள். சொன்னது இதுதான். இந்தக் கோட்டை கோட்டையாருடையதே அல்ல. அவருடைய முதல் மனைவியின் தகப்பன் வீடு அது. அவள்தான் எசமானி, இவர் வாழவந்த மாப்பிள்ளை. ஒரு மழைக்காலத்தில் எசமானி வெளியே போனபோது சாவியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது ஆறு பெருக்கெடுத்து, வழிப்பறிக்காரர்கள் துரத்த, கதவைத் தட்டினாள். அந்தச் சின்ன அறை அப்போது பூட்டிக் கிடக்கவில்லை. சாவி வைத்திருப்பவர் வெளியே நிற்பது யார் என்று பார்ப்பதற்காகக் கட்டிய அறை அது. இவர் அந்தச் சன்னலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, 'யாரோ ஏமாத்துக்காரி, திறக்காதே' என்றார்.

"விடிஞ்சு கதவைத் திறந்தப்ப படியில கிடந்தாங்க. நான்தான் அந்த மேலங்கியைக் கழட்டினேன்" என்றாள் சமையல்காரம்மா.

"வாசற்காரர் திறக்கலியா? குரல் தெரியாதா அவருக்கு?"

"தெரியாம என்ன! அவன் நல்லவனுமில்ல, கெட்டவனுமில்லம்மா. அவன் சாவிக்கு ஆள். சட்டம்னா சட்டம்னு மரம் மாதிரி நின்னான். அன்னையிலேர்ந்து அவன் யார்கிட்டயும் சிரிச்சுப் பேசினதில்ல."

பெரியவளுக்கு எல்லாம் விளங்கிற்று. கோட்டையார் எப்படி இந்தக் கோட்டையைப் பிடித்தாரோ, அப்படியே இன்னொருத்தர் தன்னிடமிருந்து பிடித்துவிடலாம் என்ற பயம். சட்டத்தையும் எடுக்க முடியாது, எடுத்தால் அவர் வெறும் செத்தவள் புருஷன். அதனால்தான் நாதியற்ற வீட்டில் பெண் எடுப்பது, சாவியைக் கொடுப்பது, அவளுக்கு அந்த யோசனை வருவதற்கு முன்பே குற்றவாளியாக்கி முடித்துவிடுவது. இனி அவரை அவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன்.

"அமாவாசைக்குத்தானே வருவார்? அதுக்குள்ள ஓடிடலாம்க்கா" என்றாள் குருவி.

"சொன்ன நாளைக்கு அவரு என்னைக்கும் வந்ததில்ல" என்றாள் சமையல்காரம்மா. "முன்னாடியே வருவாரு. எப்பவும்."

குருவி விடுவிடுவென்று மதிலுக்கு ஓடினாள். போன வேகத்திலேயே அவள் கத்தல் கேட்டது.

"அக்கா! தூசி! ஆத்துப் பக்கம் தூசி கிளம்புது!"

பாறையைச் சுற்றி ஏறும் பாதை நீளமானது. அந்த நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. ஓடுவதற்கு வேறு வாசல் இல்லை. ஒளிந்தால் தேடி எடுப்பான். கையை வெட்டியா எறிய முடியும்? போன இரண்டு பேரும் கையை மறைத்துக்கொண்டு, சிரித்த முகமாய், 'திறங்க' என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நல்ல கோபம், ஆளை நிமிர்த்தி நிறுத்துகிற கோபம்.

வாசலுக்குப் போனாள். வாசற்காரர் ஒட்டடைக் கம்பு மாதிரி நெடுநெடுவென்று நின்றார். இவள் கையின் நீலத்தைப் பார்த்தார். பார்வையைத் தரைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் திறக்க வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"என்னை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. நான் கேக்கிறதுக்கு நீங்க பதில் சொன்னாப் போதும்."

இது உதவியா, கையை விரித்தலா? தெரியாமலே அவள் படியேறி, சின்ன அறைக்குள் போய், கோடாலியால் சன்னல் பலகைகளைப் பெயர்த்தாள். காற்று உள்ளே பாய்ந்தது. வெகுகாலமாய் அசையாத அந்த மேலங்கி ஆணியில் ஆடிற்று. குருவியும் சமையல்காரம்மாவும் பின்னால் வந்து நின்றார்கள்.

குதிரைகள் வாசலுக்கு வந்துவிட்டன. அவன் முன்னால், வீரர்கள் பின்னால். முகமெல்லாம் சிரிப்பு. மேலே பார்த்தான். திறந்த சன்னலில் ஆள் நிற்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

கீழே, உள்பக்கம், வாசற்காரரின் குரல் எழுந்தது.

"சாவி யார் கையில்?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கோட்டை முழுவதும், லாயக்காரர்களும் தண்ணீர் சுமப்பவர்களும் முற்றத்தில் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"என் கையில்!" என்று கத்தினாள் பெரியவள். "திறக்காதீங்க!"

கதவு அசையவில்லை. வாசற்காரர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன விளையாட்டு இது?" என்றான் அவன், தன் ஆட்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டு. "உன் கையைக் காட்டு. ஏன் மறைக்கிறே? காட்டு!"

அவள் காட்டினாள். சன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களை விரித்து, எல்லோரும் பார்க்கும்படி காட்டினாள்.

"பாத்துக்குங்க! தொடாதேன்னு சொன்னதைத் தொட்டிருக்கா. இவ பேச்சு செல்லாது. கதவைத் திறடா!"

"உள்ள மூணு பேர் உடுப்பு தொங்குது" என்றாள் அவள். "நாலாவது ஆணி எனக்குத்தானே?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதுதான் அவளை நடுங்கவைத்தது.

"உன் அப்பன் கீழ ஆத்தங்கரையிலதான் இருக்கான். இவங்கள்ல ரெண்டு பேரை அனுப்பினாப் போதும். இருட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். யோசிச்சுக்கோ. திறக்கிறியா, அனுப்பட்டுமா?"

குருவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகிற்று. திறந்தால் இவள் போவாள், குருவியும் போவாள். திறக்காவிட்டால் அப்பா. சுழலில் ஓடம் திரும்பும்போது அப்பா தண்ணீரைப் பார்க்கமாட்டார். ஆட்களைத்தான் பார்ப்பார். யார் எங்கே நகரவேண்டும் என்று ஒரே வார்த்தையில் சொல்வார். அவள் அவனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"அண்ணன்களா! உங்க வீடு உள்ள இருக்கு. உங்க குழந்தைங்க உள்ள இருக்காங்க. இறங்குங்க. கத்தியைக் கீழ போட்டுட்டுத் திட்டிவாசல் வழியா ஒவ்வொருத்தரா வாங்க. அவர் மட்டும் வெளியே."

திட்டிவாசல் என்பது பெரிய கதவுக்குள் ஓர் ஆள் குனிந்து நுழையும் சின்னக் கதவு. அது திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் வாய்விட்டே சிரித்தான்.

அப்போது சமையல்காரம்மா பெரியவளை இடித்துத் தள்ளிக்கொண்டு சன்னலில் தலையை நீட்டினாள்.

"டேய் மூத்தவனே! காது அடைஞ்சுபோச்சா? எசமானி கதவைத் தட்டித் தட்டிச் செத்தப்ப நீ சின்னப் பையன், இப்ப என்ன கேடு உனக்கு? இறங்குடா! இல்லேன்னா இனிமே என் கையால ஒரு வாய் தண்ணி கிடையாது உனக்கு!"

சமையல்காரம்மாவின் மகன் இறங்கினான். முகம் சிவந்துபோயிருந்தது. கத்தியை அவிழ்த்துக் கீழே வைக்கக் குனிந்தபோது, கோட்டையான் சாட்டையை வீசினான். காதிலிருந்து ரத்தம் கொட்டிற்று. மூத்தவன் காதைப் பொத்திக்கொண்டு திட்டிவாசலுக்குள் நுழைந்தான். இந்த அடியைப் பார்த்த பிறகு மற்றவர்கள் தயங்கவில்லை. ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

கடைசி ஆள் உள்ளே காலை வைக்கும் நேரம் அவன் குதிரையிலிருந்து பாய்ந்தான். கடைசி ஆளின் முதுகை ஒட்டியே திட்டிவாசலில் ஒரு காலை நுழைத்துவிட்டான். உள்ளே வந்துவிட்டால் அவ்வளவுதான்.

வாசற்காரர் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, காலை மாலை கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சாவி யார் கையில்?"

"என் கையில்!" என்றான் அவன். எத்தனை வருஷப் பழக்கம்! வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொல்லிக் கையையும் தூக்கிக் காட்டினான்.

வாசற்காரர் அந்தக் கையைப் பார்த்தார்.

"அது சாட்டைங்க" என்றார். நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு. கதவு மூடிக்கொண்டது.

குருவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்க, முற்றத்தில் யாரோ சிரிக்க, பயத்தில் இறுகிக் கிடந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். வெளியே விழுந்து கிடந்தவனுக்கும் அது கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. அவன் எழுந்து நின்றான். இப்போது அதட்டல் இல்லை.

"நான் உன் புருஷன். காட்டுப் பக்கம் திருட்டுப் பசங்க திரியறாங்க. குளிர் வேற. என்னைத் தனியா வெளியே விட்டுடுவியா? அப்புறம் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய் சொல்லுகிறவன் வாயிலிருந்து வந்தாலும் கேள்வி கேள்விதானே. அவள் முதல் ஆணிக்குப் போனாள். அந்தச் சேறு படிந்த மேலங்கியை எடுத்துவந்து சன்னல் வழியாகப் போட்டாள்.

"போட்டுக்கோங்க. குதிரையும் இருக்கு, பாதையும் இருக்கு. அவங்களுக்கு நீங்க இந்த அளவுகூடச் செய்யலை."

அவன் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு, வெட்கம் கெட்டவன், எடுத்துப் போட்டுக்கொண்டான். மற்றக் குதிரைகளைச் சாட்டையால் அடித்து விரட்டிவிட்டு, தன் குதிரையில் ஏறி, பாதையில் இறங்கினான். காட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றுப் பக்கம் திரும்பினான்.

"அக்கா" என்றாள் குருவி. "அப்பா!"

மூத்தவனும் இன்னும் இரண்டு பேரும் யாரும் சொல்லாமலே கிளம்பினார்கள். குதிரைகள் காட்டுக்குள் ஓடிவிட்டன, கால்நடையாகத்தான் போகவேண்டும். பெரியவள் வாசல்வரை ஓடினாள். படியில் காலெடுத்து வைக்கப் போனவளை வாசற்காரரின் கை தடுத்தது. சாவியோடு வாசலைத் தாண்ட முடியாது.

"எங்கிட்ட குடு! நான் வெச்சிருக்கேன், நீ போ!" என்று குருவி அழுதாள். "எங்கிட்டகூட நம்பிக்கை இல்லையா உனக்கு?"

நம்பிக்கை இல்லாமலா? ஆனால் அந்தச் சின்னக் கையில் கொத்தைக் கொடுத்துவிட்டு இவள் போனால், அவன் வேறு வழியில் திரும்பிவந்து இவளையே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றால், குருவி திறக்காமல் இருப்பாளா? இத்தனை பேர், இப்போதுதான் இவளை நம்பி இறங்கிவந்தவர்கள், என்ன ஆவார்கள்? கோட்டையை ஆள்வது என்றால் இதுவா என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. சொந்த அப்பாவிடம் ஓட முடியாமல் நிற்கிறதுதானா? கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எல்லோர் முன்னாலும் அழுதாள். ஒருவரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது நீலம் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது.

"இனிமே நீங்க இன்னொண்ணும் கேக்கணும்" என்றாள் வாசற்காரரிடம். "சாவி யார் கையிலன்னு கேக்கறதுக்கு முன்னாடி, வெளியே யாருன்னு கேக்கணும். பதிலை நீங்களும் காது குடுத்துக் கேக்கணும். தெரிஞ்ச குரலா இருந்தா, தெரியும்னு எங்கிட்ட சொல்லணும். நான் யாரோ ஏமாத்துக்காரின்னு சொன்னாக்கூட."

வாசற்காரர் தலையசைத்தார். உதடு கோணிக்கொண்டது. அந்த நெடிய உடம்பு கதவில் சாய்ந்து குலுங்கிற்று. சமையல்காரம்மா முதல்முறையாக அவரைத் திட்டாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொழுது சாயத் தொடங்கிற்று. மழை விடவில்லை. பெரியவள் சன்னலிலேயே நின்றாள், குருவி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு. ஆறு இரைவது மேலேவரை கேட்டது. பாதை வளைவில் முதலில் தெரிந்தது மனிதர்கள் இல்லை. ஒரு நீளக் கோல், மழைக்குள் ஆடி ஆடி மேலே வந்தது.

அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாள். கோல் மட்டும் வேறு எவன் தோளிலாவது வரலாமே?

கதவு தட்டப்பட்டது.

"வெளியே யார்?" என்றார் வாசற்காரர். அந்தக் கோட்டையில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் பிசிறிற்று.

"ஓடக்காரன்" என்றது வெளியே ஒரு குரல், மூச்சு வாங்க. "இங்க வரக்கூடாதுன்னு உத்தரவு. தெரியும். பொண்ணுங்க உசுரோட இருக்காங்கன்னு கூட வந்தவங்க சொன்னாங்க, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன். உங்க கோட்டையார் அக்கரைக்கு விடச் சொன்னாருங்க. நடு ஆத்துல கத்தியை உருவிக்கிட்டு எழுந்து நின்னாரு. உட்காருங்கன்னேன். கேக்கலை. ஓடம் கவிழ்ந்துபோச்சு. மேலங்கி வேற தண்ணியை இழுத்துக் கனத்துப்போச்சு. கோலை நீட்டினேன், எட்டலைங்க, ஆறு கொண்டுபோயிடுச்சு. ஓடமும் போச்சு."

"கூட நாங்க மூணு பேரும்தான் இருக்கோம். வேற யாருமில்ல" என்றது மூத்தவன் குரல்.

வாசற்காரர் மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இந்தக் குரல் தெரியும்மா" என்றார். "இவர் ஓடத்துல நான் போயிருக்கேன். உள்ளே சாவி யார் கையில்?"

"என் கையில்" என்றாள் அவள். படிகளில் பாதி இறங்கிவிட்டிருந்தாள். "திறங்க."